வெயில் வராத வாரத்தில் எரிந்த விளக்கு

நல்லசிவம்: “ஆகவே பெரியோர்களே, சூரியன் இதுவரை எந்த மனிதனுக்கும் பில் அனுப்பியதில்லை. மனிதகுலத்தின் அடுத்த விடியல், தில்லி முனிர்காவில், அடியேனுடைய மூன்றாவது மாடியிலிருந்து…”

ராஜம்: சூரியன் அனுப்பல. பேங்க்காரன் மாசாமாசம் அனுப்புதான்.

நல்லசிவம்: குறுக்க பேசாத ராஜம். ஒத்திகை பாக்கேன்லா. பொங்கல் விழாவுல சங்கத்துல பேசச் சொல்லியிருக்காவ.

ராஜம்: பொங்கல் இருக்கட்டும். இப்ப ஆறரைக்கு ஒருத்தர் வாராரே, அவர்ட்ட என்ன பேசப் போறிய?

நல்லசிவம்: மானிய ஆபீஸ் வர்மாகிட்டயா? பேச்சே வேண்டாம். விளக்கு எரியுதா, பேனல் இருக்கா… பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டார்னா பாக்கி மானியம் வந்துரும்.

ராஜம்: போடலேன்னா?

நல்லசிவம்: …வாங்கின பாதியையும் திருப்பிக் கட்டணும்.

ராஜம்: எதை வெச்சு? என் வளையல் ஏற்கெனவே அடகுல கெடக்கு. மானியம் வந்ததும் மீட்டுத் தாரேன்னு சொல்லித்தான் கழட்டுனிய.

நல்லசிவம்: தாரேன். கரண்ட் போயி ஊரே இருட்டுல கெடக்கு, நம்ம வீட்டுல மட்டும் வெளிச்சம். இதைவிட என்ன சாட்சி வேணும் அந்த மனுசனுக்கு… யாரு கதவைத் தட்டுதது?

அக்னஸ்: அக்கா… சார்… நான்தான், கீழ் மாடி அக்னஸ். சீக்கிரம் திறங்க.

ராஜம்: வா, வா. என்ன இப்பிடி நடுங்குத? குளிரா?

அக்னஸ்: குளிர் இல்லக்கா. படிக்கட்டுக்குள்ளயே பனி வந்துடுச்சு. கையை நீட்டுனா விரல் தெரியல. எங்கயும் லைட் இல்ல. மேல பாத்தா உங்க ஜன்னல் மட்டும்… அந்தரத்துல தொங்கற மாதிரி.

நல்லசிவம்: எரியுதுல்லா? அதான் சிஸ்டர், சூரியன்.

அக்னஸ்: ஒரு வாரமா சூரியனே வரலையே சார்.

நல்லசிவம்: சேமிப்பு. கோடையில பிடிச்ச வெயிலு, பேட்டரியில இருக்கு.

அக்னஸ்: மே மாச வெயில் ஜனவரி வரைக்கும் கெடாதா?

ராஜம்: ஊறுகா கெடாம இருக்குல்லா.

அக்னஸ்: நானும் ஒண்ணு போடலாமான்னு பாக்கறேன் சார். செலவு எவ்வளவு ஆகும்?

நல்லசிவம்: செலவுன்னே சொல்லாதீங்க, முதலீடு. பாதி சர்க்கார் தருது. கால் பங்கு பேங்க் தருது, வட்டி ரொம்பக் கம்மி. மிச்சம் கால்தான் நாம.

ராஜம்: அந்தக் காலுக்குத்தான் என் கை மொட்டையா நிக்குது.

அக்னஸ்: போட்ட காசு எப்ப திரும்பும்?

நல்லசிவம்: பன்னெண்டு வருஷத்துல முழுசா வந்துரும். அதுக்கப்புறம் வாரதெல்லாம் இனாம்.

அக்னஸ்: பேட்டரி அதுவரைக்கும் உழைக்குமா?

நல்லசிவம்: அதை மூணு வருஷத்துக்கு ஒருதரம் புதுசா வாங்கணும்.

அக்னஸ்: அந்தக் காசு?

நல்லசிவம்: அது வேற கணக்கு.

அக்னஸ்: சர்க்கார் ஏன் சார் எல்லாத்தையும் மொத்தமா தரல?

நல்லசிவம்: பாதி முன்னாடி, பாதி பாத்ததுக்கு அப்புறம். பேனல்ல ஒரு கீறல் இருந்தாலும் பாக்கி கிடையாது. இங்க குரங்குத் தொல்லை வேற. பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன்.

அக்னஸ்: ம்… டீவிக்குப் புது உறையா அக்கா? பூவெல்லாம் போட்டு.

ராஜம்: ஃப்ரிட்ஜுக்கும் தைச்சிருக்கேன். உங்க சாருக்கு வீட்டுல ஒரு சாமான் அம்மணமா நிக்கக் கூடாது. நீ சொல்ல வந்ததைச் சொல்லு. முகமே சரியில்ல.

அக்னஸ்: …குழந்தைசாமி சார் வீட்டுல யாரோ இருக்காங்கக்கா.

நல்லசிவம்: தரைத்தளத்துலயா? பூட்டின வீட்டுல யாரு இருப்பா? தீபாவளிக்கு முந்தி நாமதானே சிஸ்டர் அவரைத் தூக்கிட்டுப் போய் எரிச்சுட்டு வந்தோம்.

அக்னஸ்: அதான் பயமே. சாவி என்கிட்டதான் இருக்கு. பாஸ்டன்லேர்ந்து அவர் பையன் போன் பண்ணினான். ‘ஆன்ட்டி, அப்பா போனதுக்கு அப்புறம் கரண்ட் பில் மூணு பங்கு ஆயிருக்கே’ன்னான்.

ராஜம்: அவருக்கா? இருட்டுல சோறு தின்ன மனுசன்லா அவரு. படியேறி வரும்போது மாடிக்கு மாடி லைட்டை அணைச்சுக்கிட்டே வருவாரு.

அக்னஸ்: போய்ப் பாத்தேன்கா. உள்ள ஒரு சுவிட்ச் போடல. ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கியாச்சு. ஆனா மீட்டர்ல சக்கரம் சுத்துது. மெதுவா… அந்தச் சிவப்புக் கோடு வருது, போகுது… திரும்ப வருது.

நல்லசிவம்: பழைய மீட்டர். காத்துக்கே சுத்தும்.

அக்னஸ்: சத்தம் வேற சார். பாத்ரூம் பக்கத்துல குழாய் போற சந்து இருக்குல்ல, அதுக்குள்ளேர்ந்து. ம்ம்ம்ம்ன்னு. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில முனகுனாரே, அதே சுருதி. நைட் ட்யூட்டியில நான்தானே பக்கத்துல இருந்தேன்.

ராஜம்: ஏங்க, உங்களுக்கு ஏன் வேர்க்கு?

நல்லசிவம்: …ஸ்வெட்டர் தடிமன்.

அக்னஸ்: ராத்திரி படுத்தா என் சுவர் வழியாவே கேக்குது. ஃபாதர்கிட்ட தீர்த்தம் வாங்கிட்டு வந்து வாசல்ல தெளிச்சேன். நிக்கல.

ராஜம்: அவரு திருநீறு பூசுன ஆளு. ஃபாதர் சொன்னா கேப்பாரா?

அக்னஸ்: சார்… உங்க லைட் ஏன் மஞ்சளாகுது?

நல்லசிவம்: எங்க? நல்லாத்தானே எரியுது.

ராஜம்: இல்லங்க. உங்க மூக்கு தெரிஞ்சுது, இப்ப தெரியல.

நல்லசிவம்: ஒரு வாரமா ஒரு கொறையும் இல்லாம எரிஞ்சுதே… இன்னைக்குப் போயா…

அக்னஸ்: கடைசியில ஒண்ணு செஞ்சேன் சார். நேத்து காலையில அவர் வீட்டு ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிட்டேன். அந்த நிமிஷமே சத்தம் நின்னுது. யாரோ வாயைப் பொத்தின மாதிரி.

நல்லசிவம்: நேத்தா? நேத்து காலையிலயா?

அக்னஸ்: ஆமா. இதோ, கோட்டுப் பையிலதான் இருக்கு. தொட்டுப் பாருங்க, இன்னும் சுடுது.

ராஜம்: கோட்டுக்குள்ள வெச்சா சுடாம என்ன செய்யும்.

நல்லசிவம்: சிஸ்டர், அதை ஜல்தியா கொண்டு போய் மாட்டிருங்க.

அக்னஸ்: ஐயோ, எதுக்கு?

நல்லசிவம்: செத்தவர் வீட்டை இருட்டுல போடக் கூடாதும்மா.

ராஜம்: அவருக்கு இருட்டுதான் பிடிக்கும். அதோட ஊருக்கே கரண்ட் இல்ல. இப்ப கட்டையை மாட்டி என்ன வரப் போகுது?

நல்லசிவம்: ஆமால்லா… மணி என்ன?

ராஜம்: கடிகாரம் தெரியல.

அக்னஸ்: அக்கா… அணைஞ்சுடுச்சு.

ராஜம்: ம்.

அக்னஸ்: யாரு அணைச்சது? யாராவது சுவிட்சைத் தொட்டீங்களா?

நல்லசிவம்: நான் நாற்காலியை விட்டு எந்திரிக்கல.

ராஜம்: நான் உன் கையைல்லா பிடிச்சிருக்கேன்.

அக்னஸ்: அப்ப மாடி மாடியா அணைச்சுக்கிட்டே வந்துட்டார்… குழந்தைசாமி சார்தான்… வந்துட்டார்.

நல்லசிவம்: சும்மா இரும்மா நீ.

அக்னஸ்: சார்.

நல்லசிவம்: என்ன?

அக்னஸ்: நான் கட்டையைப் பிடுங்கினது அங்க. அணைஞ்சது ஏன் இங்க?

ராஜம்: சொல்லிருங்க. இருட்டா இருக்கும்போதே சொல்லிட்டா மூஞ்சியைப் பாக்க வேண்டாம்.

நல்லசிவம்: ஒரே ஒரு வயர்தான் சிஸ்டர். குழாய்ச் சந்து வழியா கீழ அவர் வீட்டு லைனுக்கு இறங்குது. நம்ம பேட்டரிக்கு சார்ஜர் அங்கதான் சந்துல இருக்கு. ம்ம்ம்னு கேட்டது அது.

அக்னஸ்: அதை உங்க மீட்டர்லயே போட்டிருக்கலாமே?

நல்லசிவம்: என் பில் ஏறுமே? சூரிய சக்தி வீட்டுல பில் ஏறலாமா? அதையும்ல்லா கேட்டுப் பாப்பாரு வர்மா.

அக்னஸ்: ஆண்டவரே… அப்ப பேய் நீங்கதானா? ரெண்டு நாளா பச்சைத் தண்ணியில குளிச்சு எனக்கு மூச்சு முட்டிடுச்சு சார்.

ராஜம்: இவர் வயருக்கும் நீ பச்சைத் தண்ணியில குளிக்கதுக்கும் என்ன சம்பந்தம்?

அக்னஸ்: சும்மா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்கா.

ராஜம்: அக்னஸ்.

அக்னஸ்: என் கீசரும் அந்த வீட்டு லைன்தான்கா. பில் ஏறுதுன்னு பையன் சொன்னதும் பயந்து போய் அதை நிறுத்தினேன். நிறுத்திட்டுப் பாத்தா, அப்பவும் சக்கரம் சுத்துது. என்னோடது இல்லேன்னா வேற யாரோடது? அதான்… அவர்னு நினைச்சேன்.

ராஜம்: பாவம், செத்த மனுசனுக்கு ரெண்டு குடித்தனம்.

நல்லசிவம்: உஷ்… படியில யாரோ.

அக்னஸ்: இருமுறாங்க. சார், குழந்தைசாமி சார் இருமற மாதிரியே…

நல்லசிவம்: பனியில யாரு ஏறினாலும் இருமத்தான் செய்வா.

அக்னஸ்: ஹிந்தியில கூப்பிடறாங்க. ‘நல்லசிவம் சாப்’னு… வர்மாதான் சார். டார்ச் வெளிச்சம் வருது.

நல்லசிவம்: வரட்டும். பனிமூட்டம், ஒரு வாரமா வெயில் இல்ல, பேட்டரி இறங்கிட்டு. இதுல ஒரு பொய்யும் கிடையாது.

ராஜம்: போன வாரம் போன்ல ‘பனியிலயும் எரியுது சாப்’னு அவர்ட்ட பீத்துனிய.

நல்லசிவம்: அது போன வாரம். சிஸ்டர், உங்க ஹிந்தி நல்லாருக்கும். கதவைத் திறந்து சொல்லுங்க.

அக்னஸ்: சொல்லிட்டேன் சார். ‘கோயி பாத் நஹி’, பரவால்லங்கிறார். இந்தப் பனியில யார் வீட்டுலயும் எரியலையாம். பேனலை மட்டும் போட்டோ பிடிச்சாப் போதுமாம். நேரா மொட்டை மாடிக்கு ஏறிப் போறார்.

நல்லசிவம்: கேட்டியா ராஜம்? உன் வளையல் வந்துட்டுன்னு வெச்சுக்கோ. பேனல் வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. ஒரு கீறல் காட்டச் சொல்லு பாப்போம்.

ராஜம்: கீறல் எப்படி விழும்? நான் தைச்ச ரெக்ஸின் உறையை வாங்கின அன்னைக்குப் போட்டிய. இன்னும் கழட்டல.