ஆற்றைத் தாண்டாத ஜெரோம்

ஜெரோம்: ...தாண்டமாட்டேன்னா தாண்டமாட்டேன்தான். இவ்வளவு தூரம் வந்ததே உனக்காக.

ரோசலி: பாதிப் பாலத்துல நின்னுக்கிட்டு பேசுற பேச்சா இது? பின்னாடி ஆட்டம் பாக்கப் போற கூட்டம் நெட்டித் தள்ளுது. நட.

ஜெரோம்: எங்கப்பா, எங்க தாத்தா... யாராவது வேலையத்துப் போய் இந்த ஆத்துக்கு வடக்க கால் வச்சிருக்காங்களா?

ரோசலி: பிட்ஸ்பர்க்காரங்க அத்தன பேருக்கும் இதே வியாதி. குறுக்க ஒரு ஆறு வந்துட்டா அந்தாண்ட வேற தேசம். காலைலேர்ந்து நல்லாத்தானே இருந்தே? மலை ரயில்ல ஏறி மேலேர்ந்து ஊரப் பாத்தோம். சந்தையெல்லாம் சுத்துனோம். வறுத்த உருளைக்கிழங்க உள்ளயே திணிச்ச சாண்ட்விச்ச, என் பங்கையும் சேத்து முழுங்குனே.

ஜெரோம்: அதெல்லாம் இந்தக் கரை.

ரோசலி: வீட்டுலேர்ந்து வர்றப்பவே ஒரு ஆறு தாண்டினோமே?

ஜெரோம்: ஒரு நாளைக்கு ஒரு ஆறு போதும்.

ரோசலி: உனக்குப் பிரச்சினை ஆறு இல்ல. வின்ஸ் அந்தாண்ட குடியிருக்கான். அதான்.

ஜெரோம்: அவன் பேச்ச எடுக்காதே.

ரோசலி: பெத்த புள்ள பேச்ச எடுக்காம வேற யார் பேச்ச எடுக்க? ஒரு ஓட்ட நாற்காலிக்காக ரெண்டு வருஷமா...

ஜெரோம்: நாற்காலியா அது? பனி கொட்டுன அன்னிக்கு இடுப்பொடிய வாரிப்போட்டு, கார் நிறுத்த இடம் பண்ணி, காவலுக்கு நாற்காலி வச்சிட்டுப் போறேன். நம்ம தெருவுல எதிரிகூட அதைத் தொடமாட்டான். இவன் எடுத்து ஓரமாப் போட்டுட்டுத் தன் கார நிறுத்துறான். கேட்டா, ரோடு பொதுங்குறான்.

ரோசலி: நம்ம வீட்டுக்கு வந்தவன் வேற எங்க நிறுத்துவான்? அதுக்குத் தெருவே வேடிக்கை பாக்க, 'இனிமே என் வாசல மிதிக்காதே'ன்னியே, அது மட்டும் சரியா?

ஜெரோம்: மன்னிப்பு கேக்கட்டும்.

ரோசலி: இன்னிக்கு அவன் எதிர்ல வந்து நின்னா பேசுவியா?

ஜெரோம்: வெயில் ஏறுது. நட.

ரோசலி: ஏய், அங்க எங்க போறே? எல்லாரும் இந்த வாசல்லதானே நுழையுறாங்க.

ஜெரோம்: அந்தப் பக்கப் படியில கூட்டம் இருக்காது.

ரோசலி: உனக்கெப்படித் தெரியும்?

ஜெரோம்: பேஸ்பால் மைதானம் எல்லாம் ஒரே மாதிரிதான். டிவில காட்டுவான்.

ரோசலி: டிக்கெட் பாக்குற பெரியவர் உன்னப் பாத்து சிரிக்கிறாரே?

ஜெரோம்: வழுக்கத் தலையப் பாத்தா வழுக்கத் தலைக்கு ஒரு பாசம். வா, நம்ம வரிசை கீழ.

ரோசலி: அம்மாடி... ஆத்துக்கு அந்தாண்ட தெரியுறது நம்ம ஊரா? அந்த மஞ்சப் பாலத்துலயா நடந்து வந்தோம்? இவ்வளவு அழகா இருக்கு.

ஜெரோம்: அங்க இருந்துக்கிட்டுப் பாத்தா தெரியாது. ஆத்துல படகுப் பசங்களப் பாரு. அடிச்ச பந்து சுவரத் தாண்டித் தண்ணில விழுந்தா அள்ளிட்டுப் போக நிக்குதுங்க.

ரோசலி: நம்மாளுங்க தோக்குறாங்க போலயே.

ஜெரோம்: அது ஒண்ணும் புதுசில்ல.

ரோசலி: ஜெரோம்... ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.

ஜெரோம்: ம்.

ரோசலி: இந்த டிக்கெட் சர்ச் குலுக்கல்ல விழுந்தது இல்ல. வின்ஸ் கொடுத்தான்.

ஜெரோம்: ம்.

ரோசலி: வியாழக்கிழமை பாட்டுப் பயிற்சின்னு போறேனே... அவன் வீட்டுக்குத்தான் போறேன்.

ஜெரோம்: நீ பாடுற லட்சணத்துக்கு யார் சேத்துக்குவாங்கன்னு பாத்தேன்.

ரோசலி: விளையாடாதே. எந்திரிச்சுப் போயிருவியா?

ஜெரோம்: உக்காந்துதானே இருக்கேன்.

ரோசலி: அவன் இங்கதான் இருக்கான். ஆட்டத்துக்கு நடுவுல பியெரோகி வேஷம் போட்டுப் பந்தயம் ஓடுவாங்களே... ஆளுயரக் கொழுக்கட்டைக்குக் கால் முளைச்ச மாதிரி... அதுல ஒண்ணு அவன். அதோ, வந்துட்டாங்க.

ஜெரோம்: பாக்குறேன்.

ரோசலி: பச்சைத் தொப்பி போட்டவன்... அய்யோ, கடைசியா வர்றானே. நீ வந்திருக்கேன்னு பதட்டமோ என்னமோ. ஆட்டம் முடிஞ்சதும் வெளில நிப்பான். ஒரே ஒரு வார்த்தை பேசு. நீங்க ரெண்டு பேரும் இப்படி இருக்குறது எனக்குத் தாங்கல.

ஜெரோம்: பதட்டம் இல்ல. வலது முழங்கால் இன்னும் சரியாகல.

ரோசலி: என்ன?

ஜெரோம்: போன வாரம் அந்த வளைவுல வழுக்கி விழுந்தான். ஓடாதேடான்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். எங்க கேக்குறான்.

ரோசலி: நீ... எப்ப சொன்னே?

ஜெரோம்: அவன் வீட்டுல வச்சுத்தான். முழங்காலுக்கு ஐஸ் கட்டி வைக்கிறப்ப.

ரோசலி: ஆத்தத் தாண்டியா போனே?

ஜெரோம்: முடி வெட்டிட்டு வர்றேன்னு கெளம்புவேனே... அங்கதான். சில நாள் இங்க வந்து அவன் ஓடுறதயும் பாப்பேன்.

ரோசலி: இருக்குற நாலு முடிக்கு வாரா வாரம் என்ன வெட்டுன்னு நானும் குழம்புனேன். அட கெழவா... பாலத்துல என்னா ஆட்டம் ஆடுனே. அந்தப் பயலும் ஒரு வார்த்தை சொல்லலயே.

ஜெரோம்: நான்தான் சொல்லாதேன்னேன்.

ரோசலி: போ... நெஞ்சுல இருந்த பாரம் அப்படியே இறங்கிருச்சு. இரு, கண்ணத் தொடச்சுக்கறேன். கடைசில என் புள்ளையையே மன்னிப்பு கேக்க வச்சுட்டே, இல்ல?

ஜெரோம்: அவன் எங்க கேட்டான்... நான்தான் அவன் வாசல்ல போய் நின்னு கேட்டேன். 'உள்ள வாப்பா'ன்னு கையப் புடிச்சான் பாரு... தெருன்னுகூடப் பாக்காம அழுதுட்டேன் ரோசலி. அதான் உன்கிட்ட சொல்லல.