நீலத் தண்ணீரில் ஒரு சாவி

– ஐயோ சார், கையை உள்ள விடாதீங்க! அது தண்ணி இல்ல, காப்பர் சல்ஃபேட்!

– உள்ள சாவி விழுந்துடுச்சு டீச்சர்...

– எந்தச் சாவி?

– உங்க... அலமாரிச் சாவி.

– போச்சு! என் பை, ஸ்கூட்டர் சாவி எல்லாம் அதுக்குள்ளதான். அஞ்சு மணிக்கு என்னைப் பொண்ணு பாக்க வீட்டுக்கு மாப்பிள்ளை வர்றார் சார்!

– தெரியும்... அதாவது, அப்படியா?

– கணக்கு வாத்தியாருக்கு கெமிஸ்ட்ரி லேப்ல என்ன வேலை?

– சாக்பீஸ் கேக்க வந்தேன்.

– உங்க சட்டைப் பையிலயே மூணு எட்டிப் பாக்குதே.

– அது... கொஞ்சம் குட்டை.

– நகருங்க. இடுக்கியால நானே எடுக்கறேன்... இந்தாங்க, பாருங்க லட்சணத்தை.

– செவப்பா இருக்கு! நான் போட்டது இரும்புச் சாவியாச்சே!

– போட்டதா?

– விழுந்தது... விழுந்தது டீச்சர்.

– இரும்பு கரைஞ்சு தண்ணிக்குள்ள போயிடும். தண்ணியில இருந்த செம்பு வெளிய வந்து சாவி மேல ஒட்டிக்கும். செம்பைவிட இரும்புக்கு வேகம் ஜாஸ்தி. அதைத் தள்ளிட்டு அதோட இடத்துல உக்காந்துக்கும்.

– நாம துண்டு போட்டு வெச்ச சீட்டுல வேற ஆள் வந்து உக்கார்ற மாதிரியா?

– அதேதான்.

– அது ரொம்ப வலிக்கும் டீச்சர்.

– பேச்சை மாத்தாதீங்க. எப்ப விழுந்துச்சு?

– இப்பத்தான். நீங்க வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி. கை தவறி...

– காலையில நான் கலக்கினப்போ இந்தத் தண்ணி மயில் கழுத்து மாதிரி நீலமா இருந்துச்சு. இப்ப வெளுத்துப் பச்சையா நிக்குது. சாவியோட பல்லெல்லாம் தேஞ்சு போச்சு. ஒரு நிமிஷத்துலயா? மத்தியானமே போட்டிருக்கீங்க.

– நீலத்துக்குள்ள கிடந்தா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். அப்புறம் மனசு கேக்கல, எடுத்துக் குடுத்துடலாம்னு வந்தேன். இது சாவியைத் தின்னும்னு யார் கண்டா!

– என் கிளாஸ் பசங்க கண்டாங்க. எதுக்கு சார் போட்டீங்க?

– அஞ்சு மணிக்கு நீங்க வீட்டுல இருக்கக் கூடாதுன்னுதான்.

– பையன் தங்கமானவராம்.

– தங்கம் காத்துக்கும் அசையாது, தண்ணிக்கும் அசையாது, லேசுல எதோடயும் சேராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

– பசங்களுக்குல்ல சொன்னேன்!

– நம்ம ரெண்டு கிளாஸுக்கும் நடுவுல ஒரு சுவருதானே டீச்சர். என் காதுல என்ன பஞ்சா?

– ஒட்டுக் கேட்டீங்களா! சரி, அவர் தங்கம். அப்ப நீங்க?

– சோடியம். இத்தனை நாளும் மண்ணெண்ணெய்க்குள்ள அடங்கிக் கிடந்தேன்.

– எடுத்துத் தண்ணியில போட்டா?

– வெடிச்சிடுவேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு டீச்சர். ரொம்பப் பிடிச்சிருக்கு... ஐயோ, சிரிக்கறீங்களா, அழறீங்களா? முகத்தை மூடினா எப்படித் தெரியும்?

– மணி என்ன?

– நாலரை. சரி, சொல்லிட்டேன், எனக்கு அது போதும். சுத்தியல் எங்க இருக்கு? பூட்டை உடைச்சுத் தர்றேன், நீங்க கெளம்புங்க.

– உடைக்காதீங்க. சும்மா இழுங்க.

– இழுத்தா எப்படி... அட, திறக்குதே! டீச்சர், உள்ள பையே இல்ல!

– நான் பூட்டவே இல்ல சார். மத்தியானம் நீங்க என் மேஜையிலிருந்து சாவியை எடுத்து இதுல போட்டதை ஜன்னல் வழியாப் பாத்தேன். நேரா போய்ப் பையை எடுத்தேன், மாப்பிள்ளையை வர வேண்டாம்னு சொல்லச் சொல்லி அம்மாவுக்கு போன் போட்டேன். அப்போதிலிருந்து நீங்க எப்ப வெடிப்பீங்கன்னுதான் காத்துட்டு இருக்கேன்!