யாரும் தொடாமல் ஏறிய வண்டி

தலைமை ஏற்றுத் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும் ரிமோட் வண்டிச் சங்கத் தலைவர் அவர்களே, ஓடியாடி இந்த விழாவை ஒப்பேற்றிய செயலாளர் அவர்களே, முன் வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, பிள்ளைகள் பிய்த்துப் போட்ட பொம்மைகளைப் பொறுக்கிப் பொறுக்கியே முதுகு வளைந்த தாய்மார்களே, நாற்காலி கிடைக்காவிட்டாலும் நகராமல் நிற்கும் நல்லவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. பேச்சு என்னை விடவில்லை. இரண்டு நிமிடம் பேசுங்கள் என்றார் செயலாளர். எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெருமையைப் பேச இரண்டு நிமிடமா? ஆனாலும் சுருக்குகிறேன்.

மூத்த பேரன், பேருந்து ஓட்டுநர் தேர்வில் முதல் தடவையிலேயே தேறியவன். அவன் பின்னால் எடுத்து நிறுத்திய அழகைப் பார்த்துத் தேர்வாளரே தலையாட்டினாராம். மூத்த பேத்தி செவிலியர். அவள் ஊசி போட்டால் குழந்தை அழாது. கூட வந்த தகப்பன்தான் அழுவான். மகள் வயிற்றுப் பேரன் நீச்சலில் இரண்டாம் இடம். முதலிடம் வந்த பையனுக்குக் கை நீளம். அதையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது. கடைக்குட்டிக்குப் போன வாரம் பல் முளைத்துவிட்டது. சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டில் முளைத்தபோது நீங்கள் தெருவெல்லாம் சொல்லவில்லையா?

இத்தனை பேர் இருந்தும், இன்று என்னை இந்த மேடையில் ஏற்றி வைத்தவள் என் இளைய பேத்தி. கழற்ற முடிந்த எதையும் கழற்றிப் பார்ப்பவள் என்பதால் வீட்டில் அவளுக்குத் திருகாணி என்று பெயர்.

இந்தச் சங்கத்தின் கல்லேறும் அணியில் சேர அவளுக்கு ஆசை. சும்மா ஆசையா? சாப்பிடும்போதும் தட்டின் விளிம்பில் கரண்டியை ஏற்றி இறக்கிப் பார்க்கிற ஆசை. அணியில் சேர ஒரே விதிதான். இடிந்த சுவரின் கற்களைக் கொட்டி, கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மேடு வைத்திருக்கிறார்கள் அல்லவா? வண்டி அதன் உச்சிக்கு ரிமோட்டால் மட்டுமே ஏற வேண்டும். கிளம்பியதிலிருந்து உச்சி தொடும்வரை அதன் மேல் கை பட்டால், அது யார் கையாக இருந்தாலும், அந்த ஆண்டுக்கு வாய்ப்புப் போயிற்று.

மற்றவர்கள் கடையில் வாங்கிய இரும்பு வண்டியோடு வந்தார்கள். எங்கள் பெண் என்ன செய்தாள்? குழந்தைகள் வீடு கட்டி விளையாடும் பிளாஸ்டிக் கட்டை, ஒன்றின் தலையில் ஒன்றை அழுத்தினால் பிடித்துக்கொள்ளுமே, அதை எடுத்தாள். அதிலேயே சட்டம், அதிலேயே அச்சு, அதிலேயே பற்சக்கரம். சின்னப் பற்சக்கரம் பெரியதைச் சுற்ற வேண்டும். வேகம் குறைய வேண்டும், வலு கூட வேண்டும். ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறினால் மறு சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தரையைத் தேட வேண்டும். அப்படிக் கட்டினாள். கூடத்தில் தலையணைகளை மலையாகக் குவித்து ஓட்டினாள். நத்தை நாணும் நடை. ஆனால் நிற்காத நடை.

இந்த இடத்தில்தான் எங்கள் குடும்பம் உள்ளே நுழைந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஒரு பிள்ளை ஒன்றைச் செய்தால் எல்லார் கையும் அதில் பட வேண்டும். படாவிட்டால் பாசமில்லை என்று பொருள். மின்வேலை பார்க்கும் என் மூத்த மகன், திருகாணிக்குப் பெரியப்பா, வண்டிக்கு முன்னும் பின்னும் விளக்கு வைத்தான். தையல்காரியான என் மகள், அவளுக்கு அத்தை, கதவும் இருக்கையும் சேர்த்தாள். இருக்கைக்கு உறை வேறு. நான் சும்மா இருப்பேனா? சிவப்புக் கட்டையில் கூரை எழுப்பினேன். கூரையின் மேல் குடும்பத்தில் ஆளுக்கொரு பொம்மையை உட்கார வைத்தேன். அழகென்றால் அப்படி ஓர் அழகு. இன்றும் அந்தக் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

திருகாணி ஒருவரையும் மறுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

அணித் தேர்வுக்கு முந்தைய நாள் ஒத்திகை. தலையணை மலையில் பாதிகூட ஏறவில்லை, வண்டி மல்லாந்தது. நிமிர்த்தி வைத்தாள், மல்லாந்தது. சுற்றி வந்து ஏற்றினாள், அப்போதும் மல்லாந்தது. கவிழ்ந்த கரப்பான் பூச்சியைப் போலச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு கிடந்தது.

மேலே பாரம் கூடிவிட்டது, எதைக் கழற்றட்டும் என்று கேட்டாள். என் மகன் இருக்கையைக் காட்டினான். என் மகள் விளக்கைக் காட்டினாள். நான் இரண்டையும் காட்டினேன். அவரவர் வைத்தது மட்டும் அவரவருக்கு இறகைவிட லேசு. உன் விளக்கு மின்மினிக்குக்கூட வழி காட்டாது என்று மகள் சொல்ல, உன் இருக்கையில் உட்கார எந்த மகாராணி வரப்போகிறாள் என்று மகன் கேட்க, வீடு இரண்டுபட்டது. அப்போது திருகாணி மெதுவாகச் சொன்னாள்:

“எல்லாரும் எனக்காகத்தான் செஞ்சீங்க, தெரியும். ஆனா நான் மேல ஏறணும் பாட்டி. இது இப்போ நம்ம வீடு மாதிரி இருக்கு. வண்டி மாதிரி இல்ல.”

விளக்கு போனது, கதவு போனது, கூரை போனது. பொம்மைகளை மட்டும் நான் மடியில் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் வண்டியில் மிஞ்சியது சட்டமும் சக்கரமும், அடிவயிற்றில் தொங்கும் மோட்டாரும் பேட்டரியும்தான். இரும்பு வண்டிக்காரர் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், இதோ தொப்பி போட்டுக்கொண்டு குனிகிறார், எலும்பு மட்டும் வந்திருக்கிறதே, சதை எங்கே என்று கேட்டார். “பாட்டி பையில இருக்கு சார்” என்றாள்.

கிளம்பியது வண்டி. ஊர்ந்தது, உரசியது, உறுமியது, உயர்ந்தது. இரும்பு வண்டிகள் உருண்டு விழுந்த கல்லை எங்கள் பிளாஸ்டிக் வண்டி தடவித் தடவித் தாண்டியது. உச்சிக்கு ஒரே ஒரு கல்தான் பாக்கி. அப்போது பார்த்தேன். முன் சக்கரம் அச்சிலிருந்து வெளியே நழுவிக்கொண்டிருந்தது. திருகா, ஆணியா, அதைப் பிடித்து நிறுத்த? வெறும் இறுக்கம்தானே. விரல் நுனியால் ஒரு தள்ளு தள்ளினால் போதும். என் மகன் கை நீண்டது. என் மகள் கை நீண்டது. என் கையோ எல்லாக் கைக்கும் முன்னால் போய்விட்டது.

“பாட்டி, கை.”

அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெற்றவர்களே, பெரியவர்களே, தூக்கி வளர்த்த கை சொன்ன பேச்சைக் கேட்குமா? விழும் முன்னே தாங்கிய கை சும்மா இருக்குமா? மூக்குத் துடைத்த கை, முதுகு தட்டிய கை, கூரை கட்டிய கை, அது மடங்குமா? மடக்கினேன். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். அள்ளிக் கொடுக்கத்தான் அன்பு வேண்டும் என்று இருந்தவள் நான். அன்றைக்குச் சும்மா நிற்க அதைவிட அதிகமாக வேண்டியிருந்தது.

அவள் வண்டியைப் பின்னோக்கி இறக்கினாள். ஐயோ, இறங்குகிறதே என்றது கூட்டம். இறக்கியவள் சக்கரத்தைத் திருப்பினாள். நழுவிய சக்கரத்தின் வெளிப்பக்கத்தைப் பக்கத்துக் கல்லோடு ஒட்ட வைத்து, மெல்ல, மிக மெல்ல அழுத்தினாள். நாங்கள் தள்ளத் துடித்ததை அந்தக் கல் தள்ளிக் கொடுத்தது. சக்கரம் டக்கென்று அச்சில் போய் உட்கார்ந்தது. பிறகென்ன? கடைசிக் கல், உச்சி, அணியில் இடம். விசில் அடித்தது யார் என்று அன்று எல்லோரும் தேடினீர்களே, அது நான்தான்.

அவளைச் சேர்த்துக்கொண்ட சங்கத்துக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் என் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்லிக் கைகூப்புகிறேன். இறங்கும் முன் செயலாளரிடம் ஒரே ஒரு கோரிக்கை. வண்டி உச்சிக்குப் போனதும் நாங்கள் ஓடிப் போய்ச் சூழ்ந்துகொண்டபோது எடுத்த படத்தைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். என் மகன் இருக்கிறான், மகள் இருக்கிறாள், நான் இருக்கிறேன், வண்டி மேல் எங்கள் கைகள் எல்லாம் இருக்கின்றன. திருகாணியின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. தயவுசெய்து அந்தப் படத்தை நீக்கிவிட்டு, அவளும் அவள் வண்டியும் மட்டும் இருக்கும்படி அதே மேட்டில் புதிதாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். நாங்கள் யாரும் உள்ளே வர மாட்டோம். படம் எடுப்பவருக்குப் பின்னால் நின்றுகொள்கிறோம்.