ஏழாம் பாடத்தின் நான்கு பின்கள்

இந்த ஆய்வுக்கூடத் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கும் பள்ளித் தாளாளர் அவர்களே, மேடையை விட்டு இறங்கினால் எனக்கு அண்ணன் அவர்களே! முழங்கால் வலியை மறந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! மடியில் ஒரு பிள்ளையும் மனத்தில் நூறு வேலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! என் பேச்சு எப்போது முடியும் என்று கடிகாரம் பார்க்கும் மாணவச் செல்வங்களே! இந்தப் பல் மருத்துவரின் பணிவான வணக்கம்.

எங்கிருந்து வந்தான் மனிதன்? மண்ணிலிருந்தா? மரத்திலிருந்தா? இறைவன் மனத்திலிருந்தா? இந்தக் கேள்வியால் கூடிய அவைகள் உண்டு, குலைந்த நட்புகள் உண்டு. எங்கள் வீட்டில் பதினோரு ஆண்டுகள் ஓர் அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசவில்லை!

அண்ணன் பிரார்த்தனைக் கூடத்தை நடத்துபவர். இந்தப் பள்ளியும் அவர் பொறுப்பு. அறிவியல் புத்தகத்தின் ஏழாம் பாடம், மனிதன் படிப்படியாக உருவான கதை. ஆண்டுதோறும் புத்தகக் கட்டு வந்ததும் அவரே அலுவலகத்தில் அமர்ந்து, புத்தகத்துக்கு நான்கு ஸ்டேப்ளர் பின் வீதம் அடித்து அந்தப் பாடத்தை மூடுவார். (சிரிக்காதீர்கள், மாணவர்களே! எந்தப் பாடத்தை முதலில் படித்தீர்கள் என்று பல் அடைக்க வந்த ஒரு மாணவி என்னிடம் சொல்லிவிட்டாள்!)

"பயந்தவங்கதாண்ணா பின் அடிப்பாங்க" என்றேன், சாப்பாட்டு மேசையில். "இனி என்கிட்ட வாயத் தொறக்காதே" என்றார். திறக்கவில்லை, பதினோரு ஆண்டு.

சென்ற மாதம் என் கிளினிக் கதவு திறந்தது. கன்னம் வீங்கி, கைக்குட்டையால் முகம் பொத்தி, அண்ணியின் தோளைப் பிடித்தபடி வந்தார் அண்ணன். வேறு மருத்துவர் இல்லையா? தெருவுக்கு இருவர் உண்டு! "உன்கிட்டதான் போகணும்னு ஒத்தக் கால்ல நின்னாரும்மா" என்றார் அண்ணி. வாயைத் திறக்காதே என்றவர், என் நாற்காலியில் வாயைத் திறந்து சாய்ந்தார்.

எக்ஸ்ரே எடுத்தேன். கடைவாயில் ஞானப்பல், முளைக்க இடமில்லாமல் பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. விடுவேனா? "பாருங்கண்ணா! பச்சையாக் கடிச்சுத் தின்ன காலத்துல தாடை பெருசு. சமைச்சுத் தின்னத் தின்னத் தாடை சின்னதாச்சு, பல்லுக்கு அது தெரியல. ஏழாம் பாடத்த நீங்க வாயிலயே வச்சிருக்கீங்க!" வாய் நிறையப் பஞ்சு. கண்ணாலேயே என்னை முறைத்தார். ஆகா, என்ன ஆனந்தம்!

அப்போது எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்த என் உதவியாளர் குறுக்கிட்டார். நாங்கள் அவரை 'விண்கலம் அக்கா' என்போம். "ரெண்டு பேருமே தப்பு டாக்டர். நாம வேற கிரகத்துல இருந்து எறக்கி விடப்பட்டவங்க." "ஆதாரம்?" என்றேன். "என் இடுப்புவலிதான். சொந்த ஊருன்னா இப்படி வலிக்குமா?" என்றார்.

ஊசியை எடுத்தேன். அண்ணன் கண்ணை மூடினார், உதடு அசைந்தது. "வலிக்கும்னு பயமா?" என்று சீண்டினேன். பல் வந்தது. பாதி முகம் மரத்திருக்க, மருந்துச் சீட்டை வாங்கி எழுதினார். அந்தச் சீட்டு இதோ என் கைப்பையில் இருக்கிறது. படிக்கிறேன்.

"வலிக்காகக் கும்பிடல. என் வாயில ஊசி போடும்போது உன் கை நடுங்கும்னு தெரியும். அது நடுங்கக் கூடாதுன்னு கும்பிட்டேன். வாதத்த நான் விடல. வாய் சரியாகட்டும்."

என் கை நடுங்கியது உண்மை, பெரியோர்களே! பிறகு நின்றதும் உண்மை. நின்றது பயிற்சியால் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் பதினோரு ஆண்டு பேசாத ஒருவர் எனக்காக வேண்டினாரே, அதுவும் நடந்ததுதானே? நடந்ததை மறைத்தால் நான் என்ன அறிவியல்காரி? அன்று கையுறையோடு நின்று அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

சற்றுமுன் இந்த மேசையில் இருக்கும் புதுப் புத்தகத்தைப் புரட்டினேன். ஏழாம் பாடம் இன்னும் மூடித்தான் கிடக்கிறது. அண்ணா, கேட்கிறேன்! கத்தியும் ஊசியும் ஏந்திய கையை நம்பித் தாடையைக் கொடுத்தீர்களே, அந்த நம்பிக்கையா பத்துப் பக்கத் தாளுக்கு அஞ்சும்? எதிர்வாதம் செய்தவளுக்காக வேண்டிய அந்தப் பெருமனமா இந்தப் பிள்ளைகளின் கேள்விக்கு நடுங்கும்? நடுங்காது! நடுங்கவே நடுங்காது! கிளினிக்கிலிருந்து சின்ன இடுக்கி கொண்டுவந்திருக்கிறேன். முதல் பின்னை நீங்களே எடுங்கள்!

எழுந்துவிட்டார்! கைதட்டுங்கள்! ஒலிபெருக்கியில் சொல்லுங்கண்ணா… கேட்டீர்களா? "தங்கச்சி பாடம் நடத்தட்டும். அடுத்த வகுப்பு எனக்கு. பிள்ளைங்க ரெண்டு பேரையும் கேள்வி கேக்கட்டும்" என்கிறார்! (விண்கலம் அக்கா, கையை இறக்குங்கள், உங்களுக்கும் ஒரு வகுப்பு உண்டு!)

வந்த அனைவருக்கும் நன்றி, பொறுமையாய்க் கேட்ட குழந்தைகளுக்கு இரட்டிப்பு நன்றி. கொஞ்சம் அமைதி. அண்ணன் இடுக்கியைப் பின்னில் வைத்துவிட்டார்… என்னண்ணா, கை நடுங்குகிறதா? இருங்கள். எனக்குக் கும்பிடத் தெரியாது. ஆனாலும் இதோ கண்ணை மூடிக்கொள்கிறேன், உங்கள் கைக்காக.

வணக்கம்.