எபேயின் பட்டியில் இருந்த அயல் காதுவெட்டு மாடுகள்

2023 மார்ச் 14, செவ்வாய், காலை 7.40. மாடுகள் பதினைந்து: பசு ஒன்பது, கன்று ஆறு.

என் பெயர் எசெகோன் லோகாலே, வயது 26, கென்யாவின் துர்க்கானா இனம், கலோமெரி முகாமில் கால்நடைத் தடுப்பூசிப் பணியாளர். மேற்படி நேரத்தில் எபே என்பவரின் பட்டியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது வந்த காவலர்கள், பசுக்களின் காதில் உகாண்டா எல்லைக்கு அப்பாலுள்ள கரமோஜாக்காரர் உரிமைக்கு அடையாளமாகப் போடும் வெட்டைக் கண்டு, போன வாரக் கொள்ளையில் வந்தவை என்று எபேயைப் பிடித்தார்கள். மாடுகள் ஏலத்துக்குப் போகும் என்றார்கள்.

"திருடல. அந்தப்பக்கத்துத் தோழன் லோமொங்கின் மேய்க்கக் குடுத்தான். என் மாடும் அவங்கிட்ட நிக்குது," என்றார் எபே. ஒரு பக்கம் காய்ந்தாலும் கொள்ளை போனாலும் மறுபக்கம் மிஞ்சும். எல்லோரும் செய்வதுதான். எழுத்து கிடையாது.

அதன்பின் எபேயின் வீட்டார் ஆள் அனுப்ப, மறுநாள் நண்பகலில் லோமொங்கின் வந்தார். இரு பக்கமும் துப்பாக்கி தூக்கியிருக்கும் நேரத்தில், தனியாக, வெறும் கோலோடு வந்தார்.

அதன்பின் அதிகாரி இருவரையும் எதிரெதிரே நிறுத்தி விசாரித்தார்.

"பசு ஒன்பதுதான் என்னுது. கன்னெல்லாம் இவனோடது, மேய்ச்சவன் இவன்தானே," என்றார் லோமொங்கின்.

மாட்டியிருந்த விலங்கோடு எபே பாய்ந்தார். "டேய், பசு உன்னுதுன்னா கன்னும் உன்னுதுதான்! என்னைப் பிச்சைக்காரன்னு நெனச்சியா?"

"உன் மூஞ்சிக்கு யாருடா பிச்சை போடுவான்? பேசாம வச்சிக்கடா, பொக்கவாயா!"

"யாராவது ஒருத்தன் என்னுதுன்னு சொல்லித் தொலைங்கய்யா!" என்று அதிகாரி மேசையைத் தட்டினார். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். கன்று யாருடையது என்று முடிவாகாததால் எபே இன்னும் காவலில்தான் இருக்கிறார்.

தனக்கு வேண்டாம் என்று சண்டை போடுகிறவன் திருடன் அல்ல. இது புரியப் படிப்பு தேவையில்லை. இப்படிப்பட்ட ஆட்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொன்னேன். படித்துக்காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) எ. லோகாலே, 15.3.2023

எபேயை விட்டதும் நான் செய்யப்போவது:

1. மருந்துப் பெட்டியின் பனிக்கட்டி உருகுமுன் மீதி மாடுகளுக்கு ஊசி போடுவேன்.

2. தடுப்பூசிப் பதிவேட்டில் கன்றுகளின் உரிமையாளர் என்ற இடத்தில் இருவர் பெயரையும் எழுதுவேன். சண்டையை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும்.

3. அடுத்த சம்பளத்தில் ஒரு கிடேரி வாங்கி லோமொங்கினிடம் விடுவேன். கேட்டுவிட்டேன். "ஓட்டிட்டு வா தம்பி. ஆனா கன்னு உன்னுது, இப்பவே சொல்லிட்டேன்," என்றார்.