சிலாஸ் வீட்டுக்குக் கொண்டுபோன குடை

எனக்கு இனிப்பு பிடிக்காது, ஐயரவர்களே. செகந்திராபாத் தமிழ்ச் சபையில் யார் வீட்டில் நல்லது நடந்தாலும் முதல் லட்டைத் தின்றவன் நான் என்பதால் இதை ஒருவரும் நம்பமாட்டார்கள். முப்பது வருஷமாகத் தின்றதை அடுக்கினால் மௌலாலிக் குன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு குன்று நிற்கும். அதற்காகத்தான் வருகிற ஞாயிறு எனக்குச் சால்வை போடப்போகிறீர்கள். போடுமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

இந்த ஊழியத்தை நானாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு முன் இந்தச் சபைக்குப் போதகராயிருந்த ஐயர் கொடுத்த மருந்து இது. நானும் சிலாஸும் ரயில்வே பட்டறையில் ஒரே நாளில் சேர்ந்த பிட்டர்கள். அவனுக்குப் பிட்டர்களுக்கு மேலான சார்ஜ்மேன் வேலையும் ஓட்டு வீடும் கிடைத்ததென்று ஆராதனையில் ஸ்தோத்திரச் சீட்டு வாசித்தார்கள். சபை முழுதும் அல்லேலூயா சொன்னது. என் வாய் மட்டும் திறக்கவில்லை. அது ஐயர் கண்ணில் பட்டுவிட்டது.

"ஜெயகரன், அடுத்தவன் நன்மைக்குச் சந்தோஷப்படுறதும் ஜெபம் மாதிரிதான். பழகப் பழகத்தான் வரும். யாருக்கு நல்லது நடந்தாலும் மாலையோட முதல் ஆளாப் போய் நில்லும். மனசு பின்னால வரும்" என்றார்.

போனேன். மனசும் வந்தது. போலாரத்தில் ஒருவருடைய காணாமல்போன எருமை திரும்பியதற்கு நான் விட்ட ஆனந்தக் கண்ணீரைப் பார்த்து எருமையே கூச்சப்பட்டது. சிலாஸ் வீட்டுக்குப் போனால் மட்டும் மனசு வாசலோடு நின்றுகொள்ளும்.

மூசி ஆற்று வெள்ளத்துக்கு மூன்றாம் வருஷம் பிளேக் வந்தது. ஒரு வீட்டில் எலி செத்து விழுந்தால், அந்தக் குடும்பத்தையே ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் பத்து நாள் வைத்துவிடுவார்கள். அந்தச் சமயத்தில் சிலாஸ் மகள் லோயிஸுக்கு ஆறு வயது நிறைந்தது. மாலை, லட்டு, குடை சகிதம் போனேன்.

"மழை நை, குடை கைக்கு பெரியப்பா?" என்றாள், இல்லை என்பதற்கு நை, எதற்கு என்பதற்குக் கைக்கு என்கிற இந்த ஊர் உருதுப் பேச்சைக் கலந்து.

"வெயிலுக்கு."

"வெயிலும் நையே!" என்று சிரித்தாள். கெட்டிக்காரப் பிள்ளை.

ஜெபம் பண்ணச் சொன்னார்கள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் பிள்ளையின் ஆயுசுக்காக ஜெபித்துக்கொண்டே, குடை மடிப்பில் துணி சுற்றி வைத்திருந்த செத்த எலியை எடுத்து டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் போட்டேன். ஜெபத்தில் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.

மறுநாள் அவன் மனைவி ஹில்டா அதைப் பார்த்துவிட்டாள். சிலாஸ் என்னிடம்தான் ஓடிவந்தான்.

"ஒரு எலிதானே அண்ணாச்சி. தூக்கிப் போட்டுட்டா யாருக்குத் தெரியும்? பிள்ளைக்கு வேற சளி."

"கர்த்தருக்குத் தெரியும்டே" என்றேன். பிளேக் ஆபீசுக்கு நானே போய்ச் சொன்னேன்.

நான் நினைத்தது சின்ன விஷயம். அவன் பத்து நாள் தகரத்தின் கீழ் இருந்தால் எனக்கு அவன்மேல் பிரியம் வந்துவிடும் என்று தோன்றியது. அப்படியே ஆயிற்று. மூட்டையும் பிள்ளையுமாக அவர்கள் வண்டி ஏறியபோது, அவனுக்குக் கிடைத்த வேலை, வீடு எல்லாவற்றுக்காகவும் எனக்குள் உண்மையான சந்தோஷம் பொங்கியது. ஐயர் சொன்னது பொய்யில்லை.

நாலாம் நாள் லோயிஸுக்கு அக்குளில் நெறி கட்டியது. ஏழாம் நாள் அடக்கம். கொட்டகையில் ஒட்டிக்கொண்ட நோய் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

அந்த எலி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. என் அடுப்படியில் விழுந்தது. மொத்தம் மூன்று விழுந்தன, இரண்டை எரித்துவிட்டேன். எங்கள் வீட்டைப் பூட்டவில்லை. எங்களுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

அந்த ஓட்டு வீட்டில் இருக்க மாட்டேன் என்று ஹில்டா சொல்லிவிட்டாள். சிலாஸ் வேலையை விட்டான். அது எனக்கு வந்தது. என் ஸ்தோத்திரச் சீட்டை வாசித்த ஞாயிறன்று, மாலையும் லட்டுமாக முதலில் வந்து நின்றவன் அவன்தான்.

"கர்த்தர் உங்களுக்காவது நல்லது செஞ்சாரே, அண்ணாச்சி" என்று மாலையைப் போட்டான். கண் கலங்கியிருந்தது.

சந்தோஷப்பட வந்தவன் முகம் அப்படி இருக்கக் கூடாது. அவனுக்குப் பழக்கம் போதாது. ஆனாலும் நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை, ஐயரவர்களே. அன்றைக்கே அவனை மன்னித்துவிட்டேன்.