உப்பு மாங்காய் தொட்ட விரல்

என் உப்பு மாங்காயை ஒருமுறை ருசித்தவர்கள் அத்திப்பள்ளி எல்லை தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை, புரொபசர் சார். வேண்டுமானால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் மாணவி டெல்பினின் ஆராய்ச்சித் தட்டில் உப்பு எப்படி வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். நான் சகாயநாதன். ஓசூரில் முப்பத்தாறு வருஷம் நிக்கல் முலாம் பூசும் கம்பெனியில் கெமிஸ்ட். நான் பூசிய நிக்கலை உருக்கினால் கிருஷ்ணகிரி அணைக்கே மூடி போடலாம். ரிட்டயர் ஆனதும் பேச ஆளில்லாமல் தவித்தபோதுதான் மாடிக்கு அவள் குடிவந்தாள், தட்டோடு.

உங்களுக்குத் தெரிந்த தட்டுதான், இருந்தாலும் என் வாயால் கேளுங்கள். சிவப்புப் பசையில் ஊசி முனை பட்டால் நீல அலை கிளம்பும். தட்டில் வெட்டியிருக்கும் சந்து சந்தாகப் பிரிந்து ஓடும். மறுமுனை வாசலை முதலில் தொடுவது எதுவோ, அதுதான் குறுக்குவழி. கரண்ட் இல்லாத கம்ப்யூட்டர். ஓசூர் டிராஃபிக்குக்கே நாலு நிமிஷத்தில் வழி சொன்னது.

அன்றைக்குத்தான் அவள் குதித்தாள். "அங்கிள், பெங்களூர்காரங்க முன்னாடி இதே மாதிரி ஓடிட்டா லேப்ல சேர்த்துக்குவாங்க. உங்க மொக்கை ஜோக்கிலிருந்து எனக்கு விடுதலை."

"சோத்துக்கு என்ன பண்ணுவே கண்ணு?"

"ஆன்லைன்ல வரும்."

ஆன்லைனில் உப்பு மாங்காய் வருமா, சார்?

அந்த அலைக்கு உப்பு ஆகாது. தினமும் காலையில் அவள் எதிரிலேயே பசை கலக்கும் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுவேன்; உப்பு இருந்தால் பால்போலக் கலங்கும். முலாம் தொழிலில் பழகிய கை. "தண்ணி சுத்தம் கண்ணு" என்பேன். அவள் ஊசி எடுக்கத் திரும்புவாள். மாங்காய் தொட்ட விரலால் வாசல் பக்கம் ஒரே ஒரு தடவல். அலை ஜோராக வரும். வாசலுக்கு ஒரு விரற்கடை முன்னால் சாகும்.

நூற்றுப் பதினோரு தடவை. நான் கூட்டிச் சொல்கிற ஆள்தான், இது மட்டும் சரியான எண்ணிக்கை.

பாத்திரம் கழுவும் மாரம்மாமேல் சந்தேகப்பட்டு அவளை நிறுத்தினாள். பிறகு தன் வியர்வையையே சந்தேகப்பட்டு, கையுறைமேல் கையுறை போட்டாள். போன வாரம் பெங்களூர்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், காபி குடித்துவிட்டுப் போனார்கள். "என் கையே விளங்காது அங்கிள். நீங்க ஒருத்தர்தான் கடைசிவரைக்கும் கூட இருந்தீங்க" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

சர்ச்சில் பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் இதைச் சொல்லவில்லை. பாவமாகத் தோன்றினால்தானே.

படிப்பை விட்டுவிட்டு சிங்காரப்பேட்டைக்கு, அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். அத்திப்பள்ளி தாண்டவில்லை, பார்த்தீர்களா. மாடி காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் அடுத்த மாணவி வீடு தேடினால் அனுப்புங்கள் சார். தண்ணீர் அவ்வளவு சுத்தம்.